தேம்சு நதியும் அதனைக் கற்றோரும்

1858ஆம் ஆண்டிலே இலண்டன் மாநகரில் இரு நிகழ்ச்சிகள் ஒன்றையொன்று அறியாவண்ணம் நடந்தேறின. அவ்வாண்டு யூன் மாத வெப்பத்திலே தேம்சு நதியினின்றும் எழுந்த துர்நாற்றம் பாராளுமன்றத்தின் அலுவலையே நிலைகுலையச் செய்தது ஒன்று. புதிதாக வழங்கப்பெற்ற அரச பட்டயத்தின்படி இலண்டன் பல்கலைக்கழகம், இணைந்த கல்லூரி எதிலும் பயின்றதற்கான சான்றிதழ் இல்லாதாரும் தன் பட்டப் பரீட்சைகளுக்குத் தோற்றலாம் என வாயிலைத் திறந்துவிட்டது மற்றொன்று. மருத்துவம் மாத்திரம் இதற்கு விலக்காயிற்று. முன்னதை நகரச் சுகாதார வரலாறு எழுதுவோரும், பின்னதைக் கல்வி வரலாறு எழுதுவோரும் தத்தம் நூல்களிலே தனித்தனி கூறிச் செல்வர். இரண்டையும் அருகருகே வைத்து நோக்குவார் அரியர். எனினும், ஒரு நதி நோயுற்றிருக்கின்றதா நலமுற்றிருக்கின்றதா என்று தீர்ப்புக் கூற வல்லவர் யாவர், அவ்வன்மையை அவர் எவ்வழியாற் பெற்றனர் என்னும் வினாவை எழுப்பும்போது இவ்விரு நிகழ்ச்சிகளும் ஒரே வரலாற்றின் இரு கிளைகளாகவே தோன்றும்.

தேம்சு இங்கிலாந்தின் தென்பாகத்தே ஏறக்குறைய 346 கிலோமீற்றர் தூரம் ஓடி வடகடலிலே கலப்பது. ரெடிங்ரன் என்னும் ஊருக்கு மேலே அது நன்னீர் ஆறு. அதற்குக் கீழே கடலின் வற்றுக்கும் பெருக்குக்கும் உட்பட்ட கழிமுகம். இந்தப் புவியியல் உண்மையை மனத்தில் இருத்தாதார்க்குத் தேம்சின் வரலாறு விளங்காது. நகரத்தார் ஆற்றில் எறிந்த அழுக்கு நேரே கடலுக்குச் செல்வதில்லை. வற்றின்போது கீழிறங்கியது பெருக்கின்போது திரும்பவும் மேலேறி வரும். மழை குன்றிய கோடையிலே, மேலிருந்து வரும் நன்னீர் சுருங்கிய காலத்தில், இலண்டனில் விழுந்த ஒரு பொருள் கடலைச் சேரப் பல வாரங்கள் செல்லும். ஆறு அனைத்தையும் கொண்டுபோய்விடும் என்பது மலையாறுகளின் கரையில் வாழ்வார்க்கு ஒருவாறு பொருந்தும் நம்பிக்கை. தேம்சுக்கு அது சிறிதும் பொருந்தாது.

1801ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பின்போது பத்து இலட்சமளவில் இருந்த இலண்டன் மக்கட்டொகை, 1851இல் இருபத்துமூன்று இலட்சத்தைத் தாண்டிவிட்டது. அதற்குமுன் வீட்டு மலம் குழிகளிலே தங்கி, இரவில் வருவோரால் அள்ளப்பட்டு, வயல்களுக்கு எருவாகச் சென்றது. நீரூற்றும் மலகூடங்கள் பரவியபோது குழிகள் நிரம்பி வழிந்தன. வீட்டுக் கழிவை மழைநீர் வடிகால்களில் விடுவதற்கு 1815 முதல் அனுமதி கிடைத்தது. வடிகால்களோ ஆற்றிலே முடிந்தன. 1842இல் உழைக்கும் மக்களின் சுகாதார நிலை பற்றிய அறிக்கையை வெளியிட்ட எட்வின் சட்விக் என்பார், நோய் யாவும் துர்நாற்றத்தினின்றும் பிறப்பன என்னும் அக்காலக் கொள்கையில் ஊறியவர். நாற்றத்தை வீட்டினின்றும் அகற்றினால் நோய் அகலும் என்பது அவர் முடிபு. அவர் அங்கம் வகித்த வடிகால் ஆணைக்குழு குழிகளை மூடுவித்து வடிகால்களைக் கழுவி ஆற்றில் விடுவித்தது. அதே ஆற்றினின்றும் நீர்க் கம்பனிகள் குடிநீர் மொண்டன. மக்கள் நலத்தில் உண்மையான பற்றுக்கொண்ட ஒருவர், தாம் கற்ற கொள்கை பிழையானதால், 1848-49ஆம் ஆண்டுகளின் வாந்திபேதிக்கு வழிவகுத்தாராயினர். அந்நோயால் இலண்டனில் மாண்டோர் ஏறக்குறைய 14,000 பேர். சட்விக்கைத் தூற்றுதல் எளிது. அவர் கையிலிருந்த கருவி மூக்கு ஒன்றே என்பதை நினைவிற் கொள்ளுதல் வேண்டும்.

அக்காலத்தில் வேறு கருவிகளை எடுத்தோரும் இருந்தனர். மருத்துவரான ஆதர் ஹில் ஹசல் 1850இல் இலண்டன் குடிநீரை நுணுக்குக்காட்டியின் கீழ் வைத்து ஆராய்ந்து, அதிற் கண்ட சிற்றுயிர்களைப் படங்களுடன் நூலாக வெளியிட்டார். நீரின் தன்மையை அதில் வாழும் உயிர்களே கூறும் என்னும் கருத்து அந்நூலில் முளைவிட்டது எனலாம். அது பயிராவதற்கு அரை நூற்றாண்டு கடந்தது.

மற்றொரு மருத்துவரான ஜோன் ஸ்னோவின் பெயர் இன்று பாடநூல்களில் எல்லாம் இடம்பெறுகின்றது. புரோட் வீதியின் குழாய்க் கிணற்றுக் கதையை அறியாத மாணவர் சிலரே. எனினும் அவர்தம் பெரும்பணி அதுவன்று. தென் இலண்டனிலே ஒரே தெருவில், அடுத்தடுத்த வீடுகளுக்கு இரு கம்பனிகள் நீர் வழங்கின. சதர்க்-வொக்சோல் கம்பனி நகரத்தின் நடுவே கழிவு கலந்த ஆற்றுநீரை எடுத்தது. லம்பெத் கம்பனியோ 1852இல் தன் நீர்வாயிலை வற்றுப்பெருக்குக்கு மேலான தேம்ஸ் டிற்றன் என்னுமிடத்துக்கு மாற்றிக்கொண்டது. செல்வமும் வறுமையும், காற்றும் தெருவும் இரு பகுதியார்க்கும் ஒன்றே. நீர் மாத்திரம் வேறு. 1854ஆம் ஆண்டு வாந்திபேதியின் முதல் ஏழு வாரங்களில், முன்னைய கம்பனியின் 10,000 வீடுகளுக்கு 315 பேரும், பின்னையதன் 10,000 வீடுகளுக்கு 37 பேரும் மாண்டனர் என்று ஸ்னோ கணக்கிட்டுக் காட்டினார். வீட்டுக்காரர் பலர்க்குத் தம் நீர் எந்தக் கம்பனியது என்பதே தெரியாது. அதற்கும் ஸ்னோ வழி கண்டார். கடல்நீர் ஏறியிறங்கும் பகுதியில் எடுத்த நீரில் உப்பு மிகுதி. ஆதலின் வெள்ளி நைத்திரேற்றைச் சில துளி விட்டால், வெண்ணிறப் படிவின் அளவைக்கொண்டு நீரின் பிறப்பிடத்தை அறியலாம். கதவு கதவாகச் சென்று, சிறு குப்பியில் நீரை வாங்கி, அவர் இச்சோதனையைச் செய்தார். ஆற்றின் நோயை வீட்டிலே நின்று கண்டுபிடித்த முதல் மனிதர் இவரே எனில் மிகையாகாது.

1855 யூலையில் மைக்கேல் பரடே நீராவிப்படகிலே தேம்சிற் செல்லுங்கால் செய்த சோதனை இதனினும் எளியது. வெள்ளை அட்டைகளைக் கிழித்து, எளிதில் அமிழும்படி நனைத்து, இறங்குதுறை தோறும் ஆற்றிலிட்டார். ஓர் அங்குலம் தாழுமுன்னரே அவை கண்ணுக்கு மறைந்தன. பட்டகலான வெயிலில் இவ்வாறு நிகழ்ந்ததை அவர் 'தைம்ஸ்' பத்திரிகைக்குக் கடிதமாக எழுதினார. நூற்கட்டுநர் ஒருவரிடம் தொழில் பயின்று, பல்கலைக்கழக வாயிலை மாணவராக மிதியாது, கட்டவந்த நூல்களைப் படித்தே அறிஞரானவர் பரடே என்பது இங்குக் கருதத்தக்கது. இத்தாலியரான செக்கி என்பார் வெண்ணிற வட்டத்தை நீரில் இறக்கித் தெளிவை அளக்கும் முறையை வகுத்தது அதன் பின்னர், 1865இலாகும்.

இவ்வறிவு யாவும் இருந்தும் மூன்றாண்டுகள் எதுவும் நிகழவில்லை. 1858 யூனில் நதி தானே பேசிற்று. பாராளுமன்றத்தின் ஆற்றுப்பக்கத்துத் திரைச்சீலைகளைக் குளோரைட்டுச் சுண்ணாம்பில் தோய்த்துத் தொங்கவிட்டும் உறுப்பினர் இருத்தற்கு இயலவில்லை. யூலை நடுவில் டிஸ்ரேலி கொணர்ந்த மசோதா ஓகஸ்ட் 2ஆம் நாளிற் சட்டமாயிற்று. ஏழைகள் பல்லாயிரவர் மடிந்தபோது அசையாத மன்றம், உறுப்பினரின் மூக்கு வருந்தியபோது பதினெட்டு நாளில் முடிவு செய்தது. அத்துர்நாற்றம் மிக்க யூன் மாதம் 16ஆம் நாளிலே ஜோன் ஸ்னோ தம் நாற்பத்தைந்தாம் வயதிற் காலமானார். தம் கொள்கை நாட்டப்பட்டதை அவர் காணவில்லை.

நகரப் பணிச் சபையின் தலைமைப் பொறியியலாளர் ஜோசப் பசல்ஜெற் 82 மைல் நீளமான பெரு வடிகால்களை ஆற்றுக்குச் சமாந்தரமாக அமைத்து, கழிநீரை இடையிலே மறித்து, நகரத்துக்குக் கிழக்கே வடகரையிற் பெக்ரனிலும் தென்கரையிற் குரொஸ்னெஸிலும் கொண்டுபோய்விட்டார். குரொஸ்னெஸ் நீரேற்று நிலையம் 1865இல் திறக்கப்பட்டது. பிழையான கொள்கையைக்கொண்டு சரியான செயல் செய்யப்பட்டமைக்கு வரலாற்றிலே இதனினுஞ் சிறந்த உதாரணம் கிடைத்தல் அரிது. நாற்றத்தை நீக்கவே வடிகால் கட்டினர், நீங்கியதோ வாந்திபேதி. 1866இல் அந்நோய் மீண்டும் வந்தபோது, புதிய வடிகாலோடு இன்னும் இணைக்கப்படாத கிழக்கு இலண்டனிலேயே அது பேரழிவு செய்தது. அவ்வழிவின் காரணத்தைப் புள்ளிவிபரங்களால் ஆராய்ந்த வில்லியம் பார், முன்னர் துர்நாற்றக் கொள்கையினர். இப்போது ஸ்னோவின் பக்கம் வந்துசேர்ந்தார்.

ஆயினும் நோய் இடம்பெயர்ந்ததேயன்றித் தீர்ந்ததன்று. பெக்ரனிலும் குரொஸ்னெஸிலும் கழிநீர் எவ்வித சுத்திகரிப்புமின்றி ஆற்றில் விடப்பட்டது. 1878 செப்ரெம்பர் 3ஆம் நாள் மாலை 'பிரின்செஸ் அலிஸ்' என்னும் உல்லாசப் படகு, அவ்வாயில்களுக்கு அண்மையில் நிலக்கரிக் கப்பலொன்றோடு மோதி மூழ்கியது. அறுநூறுக்கு மேற்பட்டோர் இறந்தனர். கழிநீர் விடப்பட்டுச் சிறிது நேரத்திலே நிகழ்ந்த இவ்விபத்தில், நீந்தத் தெரிந்தோரும் அந்நீரை விழுங்கி நோயுற்றனர் என்னும் செய்தி நாட்டைத் திடுக்கிடச் செய்தது. 1882இல் ஆணைக்குழு அமைந்தது. அதன் பயனாகக் கழிநீரிற் சுண்ணாம்பு முதலியன இட்டுத் திண்மப்பொருளைப் படியச் செய்து, 1887 முதல் அச்சேற்றைக் கப்பல்களில் ஏற்றிக் கடலிற் கொட்டினர். இவ்வழக்கம் 1998 வரை நீடித்தது. சபையின் இரசாயன அறிஞர் டிப்டின், நுண்ணுயிர்களைக் கொல்லுதலன்று, அவற்றை வளர்த்து வேலைவாங்குதலே வழி என்று 1887இலேயே எடுத்துரைத்தார். அவ்வழியை மான்செஸ்ரரில் ஆடென், லொக்கெற் என்னும் இருவர் 1914இல் முழுமையாக்கினர். கழிநீரினூடே காற்றைச் செலுத்தி, உயிர்ப்புள்ள சேற்றைப் பெருக்கிச் சுத்திகரிக்கும் அம்முறையே இன்றும் உலகெங்கும் கையாளப்படுகின்றது.

இவ்விடத்து நதியின் நோய் யாது என்பதைச் சிறிது விளக்குதல் தகும். கழிநீர் தானே மீன்களைக் கொல்வது சிறுபான்மை. அதனை உண்டு பெருகும் பற்றீரியாக்கள் நீரிற் கரைந்துள்ள ஒட்சிசனை உட்கொள்ளுகின்றன. மேற்பரப்பினூடே காற்றிலிருந்து வரும் ஒட்சிசன் அதற்கு ஈடுகொடாவிடின் நீர் மூச்சடைக்கும். ஆறு ஓட ஓட அழுக்குக் குறைய, ஒட்சிசன் மீண்டும் ஏறும். அமெரிக்காவின் ஒகாயோ நதியை ஆராய்ந்த ஸ்றீற்றர், பெல்ப்ஸ் என்போர் 1925இல் இத்தாழ்வையும் ஏற்றத்தையும் கணிதச் சமன்பாடாக வகுத்தனர். ஒட்சிசனை அளக்கும் எளிய முறையை ஹங்கேரியரான விங்கிளர் 1888இலே கண்டிருந்தார். அழுக்கின் அளவை அது உண்ணும் ஒட்சிசனாற் கணிக்கும் முறையை வகுத்தது, 1898இல் நியமிக்கப்பெற்ற கழிநீர் அகற்றல் பற்றிய ஆணைக்குழு. நீரைக் குப்பியில் அடைத்து ஐந்து நாள் வைத்து, எத்துணை ஒட்சிசன் குறைந்தது என்று காண்பதே சோதனை. பிரித்தானிய ஆற்றுநீர் எதுவும் கடலை அடைய ஐந்து நாளுக்குமேற் செல்லாது என்பதனாலேயே அவ்வெல்லை குறிக்கப்பட்டது என்பர். தேம்சின் கழிமுகத்துக்கு அது எங்ஙனம் பொருந்தும் என்று கேட்பாரில்லை போலும். ஆற்றில் விடும் நீரின் ஒவ்வொரு லீற்றரிலும் இத்தேவை 20 மில்லிகிராமுக்கும், மிதக்கும் திண்மம் 30 மில்லிகிராமுக்கும் மேற்படலாகாது, அதனை ஏற்கும் ஆறும் எட்டு மடங்கு நீருடையதாதல் வேண்டும் என 1912ஆம் ஆண்டு அறிக்கை விதித்தது.

இரசாயனம் திட்டமானது; ஆயினும் அதற்கொரு குறையுண்டு. குப்பியிலுள்ள நீர், தான் மொள்ளப்பட்ட கணத்தைப் பற்றியே சான்று கூறும். நள்ளிரவில் நச்சு நீரைத் திறந்துவிட்டு விடியுமுன் மூடிவிடும் தொழிற்சாலையைப் பகலில் எடுத்த குப்பி காட்டிக்கொடாது. ஆற்றின் அடியிலே கல்லைப் பற்றி வாழும் சிற்றுயிரோ இரவும் பகலும் அங்கேயே இருப்பது, ஓடித் தப்பமாட்டாதது. அது மறைந்துவிட்டதெனின் ஏதோ நிகழ்ந்தது என்பது திண்ணம். ஜெர்மானியரான கொல்குவிற்ஸ், மார்சன் என்னும் இருவர் 1902 முதல் 1909 வரை வெளியிட்ட ஆராய்ச்சிகளில், அழுக்கின் படித்தரங்களை அவ்வப்படியில் வாழும் தாவரங்களாலும் விலங்குகளாலும் அறியும் முறையை வகுத்தனர். இங்கிலாந்தில் 1929இல் நிறுவப்பெற்ற நன்னீர் உயிரியற் சங்கம், சிற்றுயிர்களை இனங்காண்பதற்குரிய திறவுகோல் நூல்களை 1939 தொடக்கம் சிறு கைந்நூல்களாக வெளியிட்டு வந்தது. தொழில்முறை விஞ்ஞானியல்லாதாரும் ஒரு கைவில்லையோடு ஆற்றங்கரையில் அமர்ந்து கற்பதற்கு அவை வாய்ப்பளித்தன. ஹைன்ஸ் என்பார் மாசுற்ற நீரின் உயிரியல் பற்றி 1960இல் எழுதிய நூல் இத்துறைக்கு உரிய இடத்தைப் பெற்றுக்கொடுத்தது. நான்கு ஆண்டுகளின் பின் திரென்ற் நதிச் சபையைச் சேர்ந்த வூடிவிஸ், சிற்றுயிர்க் கூட்டத்தைக்கொண்டு ஆற்றுக்குப் புள்ளி வழங்கும் அட்டவணையை அமைத்தார். 1980அளவில் அது நாடு முழுதுக்கும் ஏற்றவாறு திருத்தப்பட்டது. தூய குளிர்ந்த நீரிலே மாத்திரம் வாழவல்ல கல்லடிப் பூச்சிகளின் இளவுயிர்களுக்குப் பத்துப் புள்ளி. மூச்சடைக்கும் சேற்றிலும் செழிக்கும் செம்புழுக்களுக்கு ஒரு புள்ளி. ஆசிரியர் மாணவர்க்குப் புள்ளியிடுவது போன்ற இம்முறையின் எளிமையே அதன் வலிமையாகும்.

இதற்கிடையில் தேம்சு இரண்டாம் முறை இறந்துபட்டது. மக்கள் பெருகினர், யுத்தக் குண்டுகள் வடிகால்களைச் சிதைத்தன, புதிய செயற்கைச் சவர்க்காரங்களின் நுரை காற்றின் ஒட்சிசன் நீரிற் கரைவதைத் தடுத்தது. 1957இல் பிரித்தானிய இயற்கை வரலாற்று நூதனசாலையினர் ஆராய்ந்தபோது, கியூ முதல் கிரேவ்செண்ட் வரையுள்ள நீண்ட பகுதியிலே, காற்றையும் சுவாசிக்கவல்ல விலாங்கைத் தவிர, நிலையாக வாழும் மீன் எதனையும் காணவில்லை. கோடையில் ஐதரசன் சல்பைட்டின் அழுகிய முட்டை நாற்றம் நூறாண்டுக்கு முந்திய யூன் மாதத்தை நினைவூட்டிற்று. அரசினர் ஆய்வுகூடம் விரிவான ஆராய்ச்சியொன்றை 1964இல் வெளியிட்டது. சுத்திகரிப்பு நிலையங்கள் பெருக்கப்பட்டன. மீன்கள் மீண்டதை முதலிற் கண்டோர் மீன்பிடிகாரரல்லர். ஆற்றோரத்து மின்னிலையங்கள் குளிரூட்டுவதற்கு உறிஞ்சும் நீர், வலைத்தட்டிகளினூடே வடிக்கப்படும். அத்தட்டிகளிற் சிக்கியவற்றை எடுத்துவைக்குமாறு நூதனசாலையின் மீனியல் அறிஞர் அல்வைன் வீலர் நிலையத்தாரை வேண்டிக்கொண்டார். ஆண்டுதோறும் புதிய இனங்கள் சேர்ந்தன. 1974 நவம்பரிலே மேற்குத் தரொக் நிலையத்தின் தட்டியில் ஒரு சால்மன் மீன் கிடைத்தது. 1830ஆம் ஆண்டுகளின் பின் தேம்சு காணாத மீன் அது.

பத்திரிகைகள் கொண்டாடின. அக்கொண்டாட்டம் சற்று அவசரமானது என்பதைப் பின்னைய வரலாறு காட்டுகின்றது. 1979 முதல் பல்லாண்டுகள் சால்மன் குஞ்சுகளை விட்டும் அவ்வினம் தேம்சில் நிலைபெறவில்லை. பிற்காலத்தில் அங்குப் பிடிபட்ட சால்மன்களுட் பெரும்பாலானவை தெற்கேயுள்ள வேறு ஆறுகளிலிருந்து வழிதவறி வந்தவை என எக்செற்றர் பல்கலைக்கழகத்தார் 2011இல் மரபணு ஆராய்ச்சியால் நிறுவினர். வற்றுப்பெருக்குத் தேம்சிலே நூற்றுக்கு மேற்பட்ட மீனினங்கள் பதிவாகியிருப்பது மெய்யான வெற்றியே. ஆனால் ஒரு மீனைக் கண்டு ஆறு குணமடைந்ததெனல், ஒருநாள் எழுந்து நடந்த நோயாளியை வைத்தியசாலையினின்றும் அனுப்பிவிடுதல் போல்வதாம்.

இனி 1858இன் மற்றைய நிகழ்ச்சிக்கு மீளுதல் வேண்டும். அப்பட்டயத்தின் பயன் கடல்கடந்து பரந்தது. 1878இல் பெண்களுக்கும் பட்டங்களைத் திறந்த இப்பல்கலைக்கழகத்தின் வெளிவாரிப் பரீட்சைகளே இலங்கையின் உயர்கல்விக்கு நெடுங்காலம் அடித்தளமாயின. 1921இல் கொழும்பில் நிறுவப்பெற்ற பல்கலைக்கழகக் கல்லூரி, 1942இல் இலங்கைப் பல்கலைக்கழகம் தோன்றும் வரை, மாணவரை இலண்டன் பட்டங்களுக்கே ஆயத்தஞ் செய்தது. அதன் பின்னரும் ஆசிரியர் பலர் பகலிற் கற்பித்து இரவிற் படித்து அப்பட்டங்களைப் பெற்றனர். மழைக்காலத்திலே மட்டும் ஓடும் வழுக்கியாற்றையன்றி ஆறொன்றும் இல்லாத குடாநாட்டில், கிணற்று நீரைக் குடித்து வளர்ந்தவர் அரிக்கன் விளக்கொளியிலே தேம்சின் வற்றுப்பெருக்கை நெட்டுருச் செய்தமை அக்காலக் கல்வியின் விசித்திரங்களுள் ஒன்று. காணாத நதியைக் கற்றல் பயனற்றது என்று சிலர் நகைப்பர். ஆயின் நீர் எவ்வாறு நோயைக் காவும் என்பதைத் தேம்சிலே கற்றவர்க்கு, மலகூடக் குழிக்கும் கிணற்றுக்கும் இடையே இருக்கவேண்டிய தூரம் வெறும் சட்டவிதியாகத் தோன்றாது.

தொலைக்கல்வி அடுத்த படியை 1969இல் எய்திற்று. அவ்வாண்டு பட்டயம் பெற்ற பிரித்தானியத் திறந்த பல்கலைக்கழகம் 1971 முதல் தபால், வானொலி, தொலைக்காட்சி ஆகியவற்றின் வாயிலாகப் போதித்தது. இலண்டன் பல்கலைக்கழகம் தனித்துக் கற்போரைப் பரீட்சித்ததேயன்றிப் போதிக்கவில்லை. இப்புதிய நிறுவனமோ பரீட்சித்ததோடு போதிக்கவும் செய்தது. இலங்கையிலும் 1980இல் திறந்த பல்கலைக்கழகம் நிறுவப்பட்டது. 2006இல் பிரித்தானிய நிறுவனம் தன் பாடங்களுட் பலவற்றை இணையத்தின்வழி எவர்க்கும் இலவசமாக்கியது. 2009இல் அது தொடக்கிய 'ஐஸ்பொற்' என்னும் இணையத் தளத்திலே, ஒருவர் தாம் கண்ட பூச்சியையோ செடியையோ படமெடுத்து அனுப்பினால், அதன் பெயரைத் தேர்ந்தோர் கூறுவர், காரணமும் காட்டுவர். 1939இன் கைந்நூல் செய்த பணியை இத்தளம் செய்கின்றது. கைந்நூலோடு உரையாட முடியாது என்பதே வேற்றுமை. 2020இன் பெருந்தொற்றுக் காலத்திற் களப்பயிற்சி நிலையங்கள் மூடப்பட்டபோது ஆற்றுயிரியலைத் திரையிற் கற்பித்தல் மேலும் பரவிற்று.

திரையிற் கற்றல் எவ்வளவு தூரம் செல்லும் என்பது ஆராயத்தக்கது. நீர்ப்பூச்சியின் வாலிழை இரண்டா மூன்றா என்று படத்திற் காணலாம். ஆனால் முழங்காலளவு நீரிலே நின்று, பாதத்தாற் கற்களைக் கிளறி, எதிரே பிடித்த வலையில் மூன்று நிமிடம் சேர்ப்பதைப் படத்தாற் பயிலமுடியாது. வெண்தட்டிலே கொட்டியவுடன் சருகும் மணலுமாகத் தோன்றுவது, சற்றே பொறுத்திருந்தால் அங்குமிங்கும் அசையத் தொடங்கும். அப்பொறுமையை எந்த இணையப் பாடமும் ஊட்டுவதில்லை. மறுபுறம், திரை இன்றிக் காணமுடியாதனவும் உள. இங்கிலாந்தின் மழைக்கால வழிகால்கள் பதினான்காயிரத்துக்கு மேற்பட்டவை. 2023இன் இறுதியில் அவை யாவற்றிலும், கழிநீர் வழியும் நேரத்தைப் பதியும் கருவிகள் பொருத்தப்பட்டாயின. அவ்வாண்டில் மொத்தம் 36 இலட்சம் மணி நேரம் கழிநீர் ஆறுகளிலும் கடலிலும் வழிந்தது என்னும் கணக்கு வெளியாயிற்று. ஸ்னோ கதவு கதவாகச் சென்று திரட்டியது போன்ற செய்தியை எவரும் வீட்டிலிருந்தே காண்கின்றனர்.

இக்கணக்குகளை வாசிப்பதிலும் வரலாற்றறிவு வேண்டும். 2020இன் மதிப்பீட்டில் இங்கிலாந்து ஆறுகளில் நூற்றுக்கு 14 பங்கே உயிர்ச்சூழல் நலமுற்றவை எனவும், இரசாயன நலமுற்றது ஒன்றேனும் இல்லை எனவும் கூறப்பட்டது. 1957இனும் ஆறுகள் கெட்டுவிட்டன என்று இதற்குப் பொருள் கொள்ளலாகாது. முன்னர் அளக்கப்படாத இரசமும் தீத்தடுப்புச் சேர்வைகளும் இப்போது அளக்கப்படுகின்றன. அளவுகோல் நுண்ணியதாகுந்தோறும் நோய் புதிதாய்த் தோன்றும். அதேவேளை, பசல்ஜெற்றின் வடிகால்கள் இன்றைய மழைக்கும் மக்கட்டொகைக்கும் போதாமை மெய்யே. தேம்சின் கீழே 2016இல் அகழத் தொடங்கிய 25 கிலோமீற்றர் சுரங்க வடிகால் 2025 பெப்ரவரியிலேயே முற்றாக இணைக்கப்பட்டது.

தேம்சின் கிளைநதிகளுள் ஒன்றான கெனற் சுண்ணாம்புப் பாறையினின்றும் ஊறிவரும் தெளிந்த ஆறு. ரெடிங் நகரிலே அது தேம்சோடு கூடுகின்றது. 2004இல் அமைந்த ஆற்றுப்பூச்சிக் கூட்டமைப்பு என்னும் நிறுவனம், தூண்டிற்காரர் முதலிய தொண்டர்க்கு எட்டு வகைச் சிற்றுயிர்களை மட்டும் இனங்காணப் பயிற்றி, மாதந்தோறும் ஒரே இடத்தில் எண்ணச் செய்துவந்தது. 2013 யூலைத் தொடக்கத்தில் மால்பரோ நகருக்குக் கீழே வழக்கம்போல் வலையிட்ட தொண்டர்கள், நூற்றுக்கணக்கில் இருக்கவேண்டிய நன்னீர்க் கூனிகள் அற்றுப்போயிருக்கக் கண்டனர். மீன்கள் நீந்திக்கொண்டிருந்தன, நீர் பளிங்குபோல் இருந்தது, நாற்றமும் இல்லை. சட்விக்கின் மூக்கும் பரடேயின் அட்டையும் அங்கு யாதொன்றையும் கூறியிரா. தொண்டர் அறிவித்ததும் சுற்றாடல் அதிகாரிகள் ஆராய்ந்து, குளோபைரிபொஸ் என்னும் பூச்சிகொல்லி கழிநீர்ச் சுத்திகரிப்பு நிலையத்தின் வழியாக ஆற்றை அடைந்ததென்றும், ஏறக்குறைய 15 கிலோமீற்றர் தூரத்துக்குச் சிற்றுயிர்கள் மாண்டன என்றும் கண்டனர். அவ்வளவு அழிவுக்கு அந்நஞ்சிற் சில தேக்கரண்டியளவே போதுமாயிருந்தது. 2016இல் பிரித்தானியாவிலே அப்பூச்சிகொல்லியின் பயன்பாடுகளுட் பெரும்பாலானவை தடைசெய்யப்பட்டன. கெனற்றின் கூனிகளைத் தொண்டர்கள் அதன் பின்னரும் எண்ணிவந்தனர்.